சேலைக்குள்ள இருக்கற ப்ரோக்ராமை யார் எழுதினாங்க?

இந்த எபிசோடை ஒரு கமாண்ட்ல இருந்து ஆரம்பிக்கலாம். கேக்கறவங்கள்ல பாதிப் பேர் ஐ.டி.-ல இருக்கீங்க, அதனால 'கிட் பிளேம்' தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லிடறேன்: ஒரு ப்ரோக்ராம்ல எந்த வரியை யார், எந்தத் தேதியில எழுதினாங்கன்னு காட்டற கமாண்ட் அது. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா, முதல்ல ஓட்டறது அதைத்தான். பேர் வந்துடும். பல நேரம் நம்ம பேரே வரும், அது வேற விஷயம்.

இப்போ வீட்டு பீரோவுல இருக்கற ஒரு பட்டுச் சேலையை எடுத்துக்கங்க. பார்டர்ல ஒரு அன்னம், முந்தியில ஒரு மாங்கா. இதுக்கும் ஒரு ப்ரோக்ராம் இருக்கு. உவமைக்குச் சொல்லல, நிஜமாவே இருக்கு: ஓட்டை, ஓட்டை இல்லை, ஒண்ணு, பூஜ்யம். அதை யார் எழுதினாங்கன்னு பார்க்க எந்த கமாண்டும் கிடையாது.

இந்தக் கேள்வி எனக்கு ஸ்வெட்டர்ல இருந்து வந்தது. என் கூட வேலை பார்க்கற ஒரு தோழி ஊசியும் கம்பளி நூலும் வெச்சுப் பின்னுவாங்க. ஆன்லைன்ல ஒரு பேட்டர்ன் காசு குடுத்து வாங்கினாங்க. நாலு பக்கம், கட்டம் போட்ட ஒரு படம், எந்த வரிசையில எத்தனை தையல், எங்க குறைக்கணும்னு குறிப்பு. மேல டிசைன் பண்ணவங்க பேர். பின்னல் உலகத்துல அந்தப் பேருக்காக ஆளுங்க சண்டை போட்டிருக்காங்க. எலிசபெத் சிம்மர்மேன்னு ஒருத்தர், 1910-ல இங்கிலாந்துல பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவங்க. அவங்க வட்டமாப் பின்னற முறையில எழுதி அனுப்பின குறிப்பை ஒரு பத்திரிகை தட்டையாப் பின்னற முறைக்கு மாத்திப் போட்டுடுச்சு. அம்மாவுக்குக் கோபம் வந்து, 1958-ல இருந்து சொந்தமா ஒரு செய்திமடல் ஆரம்பிச்சாங்க. என் குறிப்பு, என் வார்த்தையில, என் பேர்ல வரணும்னு.

சரி, நம்ம ஊர்ல டிசைன் எழுதறவங்க? அதைத் தேடித்தான் கலசப்பாக்கம் பக்கம் போனேன்.

கலசப்பாக்கம் எங்க இருக்குன்னு சென்னைக்காரங்களுக்கு: திருவண்ணாமலையில இருந்து போளூர் போற வழியில, செய்யாறு ஓரத்துல. பர்வதமலை ஏறப் போனவங்க அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டியிருப்பீங்க. அங்க இருந்து வடக்கே போளூர், அதுக்கு அந்தப் பக்கம் ஆரணி. ஆரணின்னா ரெண்டு விஷயம், அரிசியும் பட்டும். தறிச் சத்தம் ஊருக்குள்ள மட்டும் இல்ல. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம்னு சுத்து வட்டாரம் முழுக்கக் கேக்கும். செங்குந்தர், சௌராஷ்டிரர்னு பல சமூகத்து ஆளுங்க தறியில இருக்காங்க. சரித்திரப் புத்தகத்துல ஆரணி பேர் வந்தா அது பெரும்பாலும் சண்டைக்காக இருக்கும்: 1751-ல கிளைவ், 1782-ல ஹைதர் அலி. பரீட்சைக்கு அதைத்தான் படிச்சோம். ஆனா 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துணி ஆவணங்கள்ல இந்த ஊர் மெல்லிசான மஸ்லினுக்காகவும் வருது. அதாவது பட்டுக்கு முன்னாடியே இது கை நுணுக்கத்துக்குப் பேர் வாங்கின ஊர்.

தறியில உக்காந்து நெய்யறவரை நாம போட்டோ எடுப்போம். ரீல்ஸ் போடுவோம். நான் பார்க்கப் போனது அவரை இல்ல. அவருக்கு டிசைன் அட்டை அடிச்சுக் குடுக்கறவரை.

ஒரு சின்ன முன்னறை. மேசை, மேல குழல் விளக்கு, சுவர் முழுக்கக் கயிறு கோர்த்த அட்டைக் கட்டுகள். "வா தம்பி, உக்காரு. இன்னா தெரிஞ்சுக்கணும்?"னு கேட்டார். அறுபது தாண்டினவர். நான் ஐ.டி.-ன்னு சொன்னதும் சிரிச்சுட்டு, "அப்போ நீயும் ஓட்டை போடற வேலைதான்"னார். என் வேலையை இதைவிடச் சரியா யாரும் சொன்னதில்ல.

அவர் வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விரிவாச் சொல்றேன். இந்த எபிசோடோட உயிரே அங்கதான் இருக்கு.

முதல்ல படம். ஒரு மயில்னு வெச்சுக்குவோம். பென்சில்ல வரைஞ்சதை கிராப் தாளுக்கு மாத்தணும். நம்ம கணக்கு நோட்டு கிராப் இதுக்கு ஆகாது. தறியில நீளவாக்குல ஓடற நூல் பாவு, குறுக்கே ஓடறது ஊடை. ஒரு அங்குலத்துல இருக்கற பாவு நூல் எண்ணிக்கையும் ஊடை எண்ணிக்கையும் ஒண்ணா இருக்காது. அதனால கட்டம் சதுரமா இருந்தா, தாள்ல மயிலா இருக்கறது துணியில கொக்கு ஆயிடும், இல்லன்னா வாத்து. எந்தத் தறி, எத்தனை நெருக்கம்னு தெரிஞ்சு அதுக்கேத்த கட்டம் இருக்கற தாளை எடுக்கணும். நம்ம மொழியில சொன்னா ஸ்க்ரீன் ரெசல்யூஷன்.

அடுத்தது, வளைவு. மயில் கழுத்து வளையணும், ஆனா கைல இருக்கறது கட்டம் மட்டும். படிக்கட்டு மாதிரி வராம, எங்க ஒரு கட்டம் தள்ளணும், எங்க ரெண்டு தள்ளணும்னு கண்ணால முடிவு பண்ணணும். அப்புறம் ஜரிகை. ஒரு ஜரிகை இழை ரொம்ப தூரம் எதுலயும் கட்டுப்படாம மேலாக்க மிதந்து போனா, கட்டின மறுநாளே வளையல்லயும் மோதிரத்துலயும் மாட்டி இழுபடும். அதனால மயிலோட தோகை முழுக்கத் தங்கமா தெரியணும், ஆனா உள்ளுக்குள்ள அங்கங்க ஒரு புள்ளியில இழையைக் கட்டணும், அந்தப் புள்ளி கண்ணுக்கும் தெரியக் கூடாது. பார்க்கறவங்களுக்குத் தெரியாத வேலைதான் இதுல பாதி. நல்லா எழுதின எர்ரர் ஹேண்ட்லிங்கை யார் பாராட்டியிருக்காங்க?

கிராப் முடிஞ்சா அட்டை. கிராப்ல ஒரு வரிசைன்னா ஒரு அட்டை. நிறம் அடிச்ச கட்டத்துக்கு ஓட்டை, வெறும் கட்டத்துக்கு ஒண்ணும் இல்ல. துளை போட்ட ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல அட்டையை வெச்சு, ஒவ்வொரு ஓட்டையா உளி வெச்சு சுத்தியால தட்டறது பழைய முறை. கால் மிதி வெச்ச பஞ்சிங் மெஷின் வந்ததுக்கு அப்புறம் வேகம் கூடுச்சு. எப்படி அடிச்சாலும் கடைசியில அட்டைகளை வரிசை மாறாம கயிறு போட்டுக் கோர்த்து, கடைசி அட்டையை முதல் அட்டையோட சேர்க்கணும். வட்டமா ஆயிடும். லூப்.

தறிக்கு மேல இருக்கற ஜக்கார்டு பெட்டியில அது ஏறும். நெசவாளர் மிதியை ஒரு தடவை அழுத்தினா ஒரு அட்டை முன்னால வந்து ஊசி வரிசையில அழுந்தும். ஓட்டை இருக்கற இடத்துல ஊசி அசையாது, அதோட கொக்கி நேரா நின்னு மேல தூக்கற கம்பியில மாட்டிக்கும், அந்தப் பாவு நூல் உயரும். ஓட்டை இல்லாத இடத்துல அட்டை ஊசியைத் தள்ளிடும், கொக்கி விலகிடும், நூல் கீழயே இருக்கும். நடுவுல நாடா ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை.

ஒரு கணக்குப் போடுவோம். 240 கொக்கி இருக்கற பெட்டி, அங்குலத்துக்கு 60 ஊடை, டிசைன் உயரம் 6 அங்குலம்னு வெச்சுக்கங்க. 360 அட்டை. 240-ஐ 360-ஆல பெருக்கினா 86,400 இடம். ஓட்டையா இல்லையான்னு 86,400 முடிவு. ஒரு நாளைக்கு எத்தனை செகண்டோ அத்தனை. எதேச்சையா அமைஞ்சது, ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது. நம்ம அளவுல இது பத்து கேபி சொச்சம்தான், வாட்ஸ்அப்ல வர்ற குட்மார்னிங் படத்தைவிடச் சின்னது. அஞ்சரை மீட்டர் சேலைக்குக் கிட்டத்தட்ட 13,000 ஊடை வரும். அப்போ அந்த 360 அட்டை மாலை ஒரு சேலைக்கு 36 தடவை சுத்தும்.

தப்பு வந்தா? ஒரு ஓட்டை அதிகமாப் போயிட்டா துண்டுக் காகிதம் ஒட்டி மூடுவாங்க. நாம சாஃப்ட்வேர்ல 'பேட்ச்'னு சொல்றது ஓட்டை அட்டை, ஓட்டை டேப் காலத்துல இதே மாதிரி ஒட்டினதுல இருந்து வந்த சொல்தான். அதை அவர்கிட்ட சொன்னேன். "நாங்க ஒட்டுன்னுதான் சொல்லுவோம். நீங்க அதுக்கு இங்கிலீஷ் பேர் வெச்சு சம்பளம் வாங்கறீங்க"ன்னார். பதில் இல்ல என்கிட்ட.

இப்போ கொஞ்சம் பின்னால போவோம். ஜக்கார்டு பெட்டி வர்றதுக்கு முன்னாடியும் இங்க அன்னமும் யாளியும் நெய்ஞ்சாங்களே, எப்படி?

காஞ்சிபுரம் வட்டாரத்துல அதுக்குப் பேர் அடை. டிசைனை நூல்லயே கட்டி வெக்கறது. பாவுக்கு மேல தொங்கற கயிறுகள்ல, எந்த ஊடைக்கு எந்தெந்தப் பாவு நூல் உயரணுமோ அதைக் கண்ணி கண்ணியாக் கட்டி வெச்சிருப்பாங்க. டிசைன் தறியிலேயே குடியிருக்கும். அதைத் தனியாக் கழட்டி இன்னொருத்தருக்குக் குடுக்கறது சுலபம் இல்ல. அதை முதல்ல கட்டறதுக்கு அறிவு வேணும்; அந்த அறிவு தறிக்காரர் வீட்டுலயோ, அவருக்கு அடை கட்டித் தர்ற ஆள்கிட்டயோ இருக்கும். நெய்யும்போது அந்தக் கண்ணிகளை வரிசையா ஒவ்வொண்ணாத் தூக்க இன்னொரு ஆள் வேணும்.

அந்த இன்னொரு ஆள் பல நேரம் ஒரு குழந்தை.

இதே கதைதான் பிரான்ஸ்ல லியோன் நகரத்துலயும். அங்கயும் பட்டுத் தறியில கயிறு இழுக்கச் சின்னப் பசங்க. 1725-ல பாசில் பூஷோன்னு ஒருத்தர் ஓட்டை போட்ட காகிதச் சுருளை முயற்சி பண்ணார், அப்புறம் ஃபல்கோன், வோக்கான்சோன்னு வரிசையா ஆளுங்க. கடைசியில 1804-ல ஜோசப் மாரி ஜக்கார்டு இதையெல்லாம் சேர்த்து ஓடற மாதிரி ஒண்ணு பண்ணார். அதுக்கு அப்புறம் பாபேஜ், ஏடா லவ்லேஸ், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஹாலரித் அட்டை, ஐபிஎம். இந்தப் பகுதியை எல்லா டெக் சேனலும் சொல்லியாச்சு, நான் தாண்டிப் போறேன். பாபேஜ் வீட்டுல ஜக்கார்டோட உருவப்படம் ஒண்ணு இருந்துச்சு. பட்டுல நெய்ஞ்சது, சுமார் 24,000 அட்டை வெச்சு. அதைப் பார்த்தவங்க செதுக்கி அச்சடிச்ச படம்னு ஏமாந்தாங்க.

அந்தச் சேனல்கள் சொல்லாத இடத்துக்கு வருவோம். லியோன்ல தறி நெசவாளருக்குச் சொந்தம். பட்டு நூலும் டிசைனும் வியாபாரி குடுப்பார், நெய்ஞ்சு குடுத்தா கூலி. 1831 அக்டோபர்ல நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒண்ணைப் பேசி வாங்கினாங்க. சில வியாபாரிகள் முடியாதுன்னுட்டாங்க. நவம்பர்ல கலகம். நெசவாளர்கள் நகரத்தையே பிடிச்சாங்க. டிசம்பர்ல படை வந்து திரும்ப எடுத்துச்சு, கூலி விகிதமும் ரத்து. 1834-ல மறுபடியும் ரத்தம். "மெஷினுக்குப் பயந்து உடைச்சாங்க"ன்னு இந்தக் கலகத்தைப் பத்தி ஒரு பேச்சு உண்டு. 1831-ல அவங்க கேட்டது மெஷினை உடைக்க இல்ல, கூலி.

ஆரணி வட்டாரத்துல ஒரு தறி வீட்டுக்குப் போனீங்கன்னா இதே அமைப்பைப் பார்ப்பீங்க. குழித்தறி வீட்டுக்காரரோடது. பட்டு, ஜரிகை, டிசைன் அட்டை எல்லாம் முதலாளி குடுப்பார், இல்ல கூட்டுறவுச் சங்கம் குடுக்கும். சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. அந்தக் கூலி ஒருத்தர் பேர்ல வரும், வேலை வீடே செய்யும். தார் சுத்தறது, அறுந்த இழையைப் பிணைக்கறது, புதுப் பாவு வந்தா பழைய பாவோட ஒவ்வொரு நூலா முறுக்கி இணைக்கறது, இதுல பெரும்பகுதி பெண்கள் கை. விடியக்காலையில தெருவுல பாவை நீட்டிக் கட்டிச் சரி பண்றதுக்கு அக்கம்பக்கத்து ஆளுங்களும் வந்து நிப்பாங்க. மழை வந்தா பாவை விரிக்க முடியாது, குழியில தண்ணி ஊறும், வேலை நிக்கும். கூலி நாளுக்கு இல்ல, சேலைக்கு. அதனால மழைக்குச் சம்பளம் கிடையாது.

ஜக்கார்டு இந்தப் பக்கம் 20-ஆம் நூற்றாண்டுல பரவினப்போ நடந்ததை நான் இப்படிப் பார்க்கறேன். வேகம் கூடுச்சு, சரி. கயிறு தூக்கற குழந்தைக்கு விடுதலை, அது பெரிய விஷயம், அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கூடவே இன்னொண்ணு மாறுச்சு: டிசைன் தறியை விட்டு இறங்கி, கையில தூக்கிட்டுப் போற ஒரு கட்டா மாறிடுச்சு. கட்டுன்னா அதுக்கு ஒரு சொந்தக்காரர் வருவார். அதைக் காப்பி எடுக்கலாம். நெசவாளர் அதைப் போட்டு ஓட்டறவர் ஆனார். எழுதறது தனித் தொழில் ஆச்சு, எழுதினவர் ஓட்டைக்குக் கூலி வாங்கிட்டு விலகிட்டார். கோடு எழுதறவர் வேற, அதை வெச்சிருக்கறவர் வேற, ஓட்டறவர் வேற. நம்ம துறையில இதை நாம தினம் பார்க்கறோம், ஆனா நமக்கு ஊதியச் சீட்டுல பி.எஃப். இருக்கு.

அந்தக் குழந்தை விஷயத்தை நான் பாதியில விட்டுட முடியாது. அடையில இருந்து இறங்கின குழந்தை வீட்டுக்குப் போகல. கோர்வைச் சேலை தெரியுமா? உடல் ஒரு நிறம், பார்டர் வேற நிறம், ரெண்டையும் ஊடை ஊடையாக் கோத்து நெய்யறது. அதுக்கு மூணு நாடா வேணும். தறிக்காரர் ஒரு பக்கம், மறுபக்கம் பார்டர் நாடா தள்ள இன்னொரு ஆள். அந்த இடத்துல குழந்தை உக்காந்துச்சு. 2003 ஜனவரியில ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழில்ல கொத்தடிமைக் குழந்தைகள் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. கர்நாடகம், உத்தரப் பிரதேசம், அதோட தமிழ்நாட்டுல காஞ்சிபுரம். பெத்தவங்க வாங்கின முன்பணத்துக்கு ஈடா பிள்ளை தறியில உக்காரும், கூலியில இருந்து கடன் கழியறதே தெரியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லயே வந்தாச்சு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்துலயோ, குடும்பத்தோட சேர்ந்து வீட்டுப் பட்டறையில செய்யற வேலைக்கு விலக்கு இருந்துச்சு. தறி இருக்கறதே வீட்டுக்குள்ள! 2016 திருத்தம் வந்துதான் 14 வயசுக்குக் கீழ எல்லா வேலைக்கும் தடை ஆச்சு; அப்பவும் பள்ளி நேரம் போக குடும்பத்துக்கு உதவலாம்னு ஒரு சந்து வெச்சுதான்.

இன்னிக்கு அந்தப் பசங்க ஸ்கூல், காலேஜ் போயிட்டாங்க. கோர்வை குறையுதுன்னு கலை ஆர்வலர்கள் வருத்தப்படறாங்க. வருத்தம் எனக்கும் உண்டு. ஆனா ஒரு பத்து வயசுப் பிள்ளையோட முதுகை வெச்சுத்தான் அந்த அழகு நின்னுச்சுன்னா, அது குறைஞ்சதுக்கு நான் அழ மாட்டேன். பெரியவங்க ரெண்டு பேருக்கு நியாயமான கூலி குடுத்து நெய்யட்டும், விலை அதுக்கேத்த மாதிரி இருக்கட்டும்.

சரி, திரும்ப டிசைனுக்கு. காப்பி எடுக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. 1866-ல ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன்னு ஒரு அதிகாரி, லண்டன்ல இருந்த இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரித் துண்டுகளை 18 தொகுதியா ஒட்டினார். அப்படி 20 செட். அதுல 13 பிரிட்டன்லயே வெச்சுக்கிட்டாங்க, 7 இந்தியாவுக்கு வந்துச்சு. நோக்கம் ஒளிவுமறைவே இல்லாதது: இந்தியாவுல என்ன கட்டறாங்கன்னு மான்செஸ்டர் ஆலைக்காரங்க பார்த்து, அதே மாதிரி பண்ணி இங்கயே விக்கலாம். எந்த ஊர்னு எழுதினாங்க, நீளம் அகலம் எழுதினாங்க. டிசைன் போட்டவர் பேருக்கு அதுல இடமே இல்ல.

சுதந்திரத்துக்கு அப்புறம் ஒரு நல்ல முயற்சி நடந்துச்சு. 1956-ல இருந்து நெசவாளர் சேவை மையங்கள் வந்துச்சு, புபுல் ஜெயகர் அதுக்குப் பின்னால இருந்தாங்க. ஓவியர்களை வேலைக்கு எடுத்து, நெசவாளர்களோட உக்கார வெச்சாங்க. சென்னை மையத்துல ரெட்டப்ப நாயுடு வேலை பார்த்தார். 1968-ல இருந்து 1972 வரைக்கும் ஜோகன் சௌத்ரி. ரெண்டு பேரும் கலை உலகத்துல பெரிய பேர். பாருங்க, டிசைனுக்குப் பேர் கிடைச்ச இடத்துலயும் அது படம் வரைஞ்சவருக்குக் கிடைச்சது. அந்தப் படத்தை எடுத்து, மிதக்கற இழையை எங்க கட்டறதுன்னு யோசிச்சு, 86,400 முடிவு எடுத்து, அட்டை அடிச்சுக் குடுத்தவர் இங்கயும் காணோம்.

சட்டம் என்ன சொல்லுது? இந்த இடம் கொஞ்சம் போரடிக்கும், ஆனா ரெண்டு நிமிஷம் குடுங்க. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அது காப்பாத்தறது ஊர் பேரை. ஆரணியில நெய்யாததை ஆரணிப் பட்டுன்னு விக்கக் கூடாது, அவ்வளவுதான். எந்த டிசைனும் அதுல அடங்காது. டிசைனுக்குன்னு 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டம் இருக்கு. பதிவு பண்ணா 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5. ஆனா அது புதுசா இருக்கணும், முன்னாடியே வெளியில வந்திருக்கக் கூடாது. நூறு வருஷமா நெய்யற அன்னத்துக்கு அது ஆகாது. புதுசா ஒரு மயில் போட்டா? பதிவு பண்ணிட்டுத்தான் தறிக்கு விடணும். பதிவு பண்ணலைன்னா காப்புரிமைச் சட்டத்தோட 15-ஆவது பிரிவு காத்திருக்கு: பதிவு பண்ணக் கூடிய ஒரு டிசைனைப் பதிவு பண்ணாம, தொழில் முறையில 50 தடவைக்கு மேல உருவாக்கிட்டா, அந்த டிசைன்ல காப்புரிமை முடிஞ்சுது.

அம்பது சேலை. ஓடற டிசைன்னா எத்தனை நாள்ல அம்பது தாண்டும்? ஒரே அட்டைக் கட்டைக் காப்பி எடுத்துப் பத்துத் தறியில போட்டா, தறிக்கு அஞ்சே சேலை. அதுக்கு அப்புறம் விசைத்தறிக்காரர் யாராவது போட்டோ எடுத்து அதே மயிலை ஓட்டினா, அட்டை அடிச்சவர் கேள்வி கேக்க முடியாது. விசைத்தறி மேல கேள்வி கேக்க 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கு, 1993-ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா அது துணி வகைக்கான பாதுகாப்பு, அதாவது 'இதைக் கையாலதான் நெய்யணும்'ங்கறது. 'இது இவரோட மயில்'னு சொல்ல அதுலயும் இடம் இல்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு நான் அவர்கிட்ட கேட்டேன்: "ஐயா, உங்க டிசைனை வேற யாராவது ஓட்டினா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம?" கல்யாண வீட்டுல உக்காந்திருக்கும்போது எதிர்ல நடந்து போற சேலையைப் பார்த்தே சொல்லிடுவாராம். இழை கட்டற புள்ளியை ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி வெப்பாங்க. ஒருத்தர் சாய்வா, ஒருத்தர் மாத்தி மாத்தி. அவர் மயிலோட கண்ணுக்குப் பின்னால ஒரு கட்டம் காலியா விடுவார். அது தேவையே இல்லாத கட்டம். காப்பி அடிக்கறவங்க அதையும் சேர்த்துக் காப்பி அடிச்சுடுவாங்க.

நான் அசந்துட்டேன். பழைய மேப் கம்பெனிகள் இல்லாத தெருவை வரைஞ்சு வெப்பாங்களே, திருடினாக் கண்டுபிடிக்க, அந்த மாதிரின்னு நினைச்சேன். எத்தனை பேரை அப்படிப் பிடிச்சீங்கன்னு கேட்டதுக்கு, "பிடிச்சு இன்னா பண்றது தம்பி? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். நல்லா இருக்கட்டும்னு சாப்ட்டு வந்துட்டேன்"னார்.

இப்போ அவர் அடிக்கற அட்டை குறைஞ்சுடுச்சு. மின்னணு ஜக்கார்டு வந்தாச்சு. தறி மேல ஒரு பெட்டி, அதுல ஒரு பென் டிரைவ். டிசைன் கம்ப்யூட்டர்ல வரையறாங்க, மென்பொருளே மிதக்கற இழையைக் கண்டுபிடிச்சு சிவப்புல காட்டுது. கட்டத்தைத் தப்பா அடிச்சா அழிச்சுட்டு மறுபடி அடிச்சுக்கலாம். முதுகுவலி குறைவு, கண்ணுக்கும் நல்லது. அவர் மகள் அந்த வேலையைத்தான் பண்றாங்க, பக்கத்து அறையில, ரெண்டு ஸ்க்ரீன் வெச்சு. நாங்க பேசிட்டு இருக்கும்போது எட்டிப் பார்த்து, "அண்ணா, டீ போடட்டா?"ன்னு கேட்டாங்க. உள்ள போய் அவங்க வேலையைப் பார்த்தேன். திரையில ஒரு அன்னம், பெரிசாக்கி வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு கட்டமும் தெரியற அளவுக்கு. கண்ணுக்குப் பின்னால ஒரு கட்டம் காலி.

மென்பொருள் அதைச் சிவப்புல காட்டலையான்னு கேட்டேன்.

"காட்டும்ணா. நான் இக்னோர் குடுத்துருவேன்."

அந்த ஃபைலை சேவ் பண்ணும்போது பேர் கேக்கும் இல்லையா? முதலாளி பேர், தேதி, கொக்கி எண்ணிக்கை, இதுதான் ஃபைல் பேர். அவங்க பேர் அதுல வராது. அவர் அட்டைக் கட்டுலயும் முதலாளி பேரைத்தான் பென்சில்ல எழுதி வெச்சிருந்தார், யாருக்குக் குடுக்கணும்னு தெரியறதுக்காக.

நீங்க யாராவது வடிவமைப்புப் பதிவு அலுவலகத்துல ஒரு கைத்தறி டிசைனைப் பதிவு பண்ணிப் பார்த்திருந்தா, இல்ல பண்ணிக் குடுத்த வக்கீலா இருந்தா, எனக்கு எழுதுங்க. எவ்வளவு செலவு, எத்தனை நாள், எந்த ஃபாரம்னு தெரிஞ்சா அதையே ஒரு தனி எபிசோடாப் போட்டுடலாம். கலசப்பாக்கத்துல ஒருத்தங்களுக்கு அதை அனுப்பறதா சொல்லிட்டு வந்திருக்கேன்.